இன்றைக்கு யார் கால்?

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு இடது கால் ஷூவிலிருந்து வந்தது.

என்னிடம் கேட்டது கதையே அல்ல, கட்டுரை. வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுப்பதால் சமூகத்துக்கு என்ன நன்மை என்று ஓர் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். சமூகத்தைப் பற்றி என்றால் எனக்குக் கை தானாக ஓடும்.

சமூகம் என்பது ஆணும் பெண்ணும் சேர்ந்து இழுக்கும்

(அடித்துவிட்டேன். எதை இழுக்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை.)

பெண்கள் அச்சமின்றிப் பணியாற்றும்போதுதான் ஒரு நாடு

(இதையும். இந்த வாக்கியத்தை இதுவரை யாரும் முழுசாகப் படித்ததில்லை, எழுதியவர்கள் உட்பட.)

பேனாவை மூடிவிட்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் மேல்வீட்டு அக்காவின் கான்வாஸ் ஷூ காய்ந்துகொண்டிருந்தது. வலது ஷூ புதுசு மாதிரி இருந்தது. இடது ஷூ வெளிப்பக்கம் கிழிந்து, தைத்து, தைத்த இடத்திலேயே மறுபடி கிழிந்திருந்தது. அக்கா அதைத் திருப்பி வைக்க வந்தார்.

"என்னக்கா, ஒரு கால் மட்டும் தனியா வேலைக்குப் போகுதா?"

வேடிக்கையாகத்தான் கேட்டேன். அக்கா சிரித்தார். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

2

அக்கா மருந்துத் தொழிற்சாலையில் 'செக்கிங்'. மாத்திரை அட்டைகள் பெல்ட்டில் வரிசையாக வரும், அடியில் விளக்கு எரியும். மாத்திரை உடைந்திருந்தாலும் சரி, குழி காலியாக இருந்தாலும் சரி, கண் போவதற்கு முன்பே அக்காவின் விரல் போய் நிற்கும். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் 'பூதக்கண்ணாடி'. இதைப் பெருமையாகவே சொன்னார்.

லேபிள் தீர்ந்தால் ஸ்டோருக்குப் போய் வாங்கிவர வேண்டும். ஸ்டோர் நீண்ட நடைவழியின் கடைசியில் இருக்கிறது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். சாத்திவிட்டால் ஸ்டோர்க்காரரின் சாவி இல்லாமல் திறக்காது. ஆகவே பெண்கள் யாரும் தனியாகப் போவதில்லை. ஒருத்தி உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு லேபிள் வாங்குவாள். இன்னொருத்தி வாசலில் நின்று, கதவு சாத்திக்கொள்ளாதபடி காலை வைத்துக்கொண்டிருப்பாள்.

"இன்னைக்கு யாரு கால்?" என்று காலையிலேயே கேட்டுக்கொள்வார்கள். டீக்கு யார் சொல்வது என்று கேட்பதைப் போல அத்தனை சாதாரணமாக. புதிதாகச் சேரும் பெண்ணுக்குப் பெல்ட், விளக்கு, தலைத்தொப்பி எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி இதையும் சொல்லிக்கொடுப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த இந்த ஒன்பது வருஷத்தில் அதிகம் கால் வைத்தவர் அக்காதான்.*

* ஏன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "மொத மாசம் நான் தனியா போனேன், தம்பி" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கற்பனையால் நிரப்பப் போவதில்லை. எழுதுகிறவன் எந்தக் கதவையும் திறந்து பார்க்கலாம் என்று போன வாரம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

அக்கா கால் வைக்கப் போகும்போது அவருடைய பெல்ட்டை யார் பார்ப்பது? பக்கத்து பெல்ட்காரி இரண்டையும் பார்ப்பாள். அடுப்பில் பாலையும் தரையில் பிள்ளையையும் ஒரே நேரத்தில் பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட பார்வை என்று தெரியும்.

அப்படித் தப்பிப்போன ஓர் அட்டை, ஒரு குழி காலியாக, என் அப்பாவின் கைக்கே வந்து சேர்வதாக ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. படித்துவிட்டு அக்கா, "உங்கப்பா என்ன பாவம் பண்ணாரு, அவரை ஏன் இழுக்குறீங்க?" என்றார். கிழித்துப் போட்டேன்.

அப்படித் தப்பிப்போகும் அட்டை யாருக்குப் போகிறது என்பது யாருக்குமே தெரியாது. என் கட்டுரையில் வருவேனா என்று அடம்பிடித்த 'சமூகம்' அந்த முகம் தெரியாத ஆள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் ஸ்டோர்க்காரரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஸ்டோர்க்காரரின் சேட்டை அவர் மாத்திரை வரைக்கும் போய்விட்டது.

4

இதுவரை எழுதியதை இரண்டு நாள் அப்படியே போட்டு வைத்திருந்தேன். கதையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்பது வருஷமாக நடக்காததை நான் எங்கே போய் நடக்க வைப்பது? மூன்றாம் நாள் அக்காவின் மகளுக்குக் கடிதம் வந்தது.

மகள் வேதியியல் படித்தவள். அதே தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்கா கடிதத்தைப் படித்தார், வேண்டாம் என்றார்.

"ஏம்மா? நீ ஒன்பது வருஷமாப் போற இடம்தானே?"

"தூரம்."

"நீ போறப்ப மட்டும் கிட்டவா இருக்கு?"

அக்கா ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்த்தார்.

"நாம ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போலாம்னு நெனச்சேம்மா" என்றாள் மகள். கடிதத்தை மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தால், முதல் நாள் அம்மாதான் கூட்டிப் போக வேண்டும். தொப்பியைச் சரிசெய்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஸ்டோருக்குப் போனா யாராவது கால் வைக்கணும், கண்ணு" என்று சொல்ல வேண்டும். அக்கா அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். எத்தனையோ பெண்களுக்குச் சொன்னதுதான். தன் பெண்ணுக்கு என்றதும் நா எழவில்லை. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே என்று தோன்றியதும் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

(எனக்கு எப்படித் தெரியும் என்றால், அக்காவே வந்து சொன்னார். சொல்லும்போது அழுதார். நானும்தான்.)

5

"தம்பி, நீங்க எழுதுறவருதானே? ஒரு புகார் எழுதிக் குடுங்க."

தொழிற்சாலையில் இதற்கென்று ஒரு குழு உண்டு. கேன்டீன் கதவுக்குப் பின்னால், கதவு திறந்திருந்தால் தெரியாதபடி, அதன் பலகை மாட்டியிருக்கிறது. நான்கு பேர். நான்காவது ஆள் வெளியாளாக இருக்க வேண்டுமாம். அவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

நான் ஆரம்பித்தேன்: ஒளி மங்கிய நீண்ட நடைவழியின் முடிவில் ஒரு கதவு

"அழகா எழுதாதீங்க. அழகா இருந்தா நடக்கலைன்னு சொல்லிடுவாங்க."

மறுபடி: சமூகத்தின் நலனைக் கருதி

"சமூகமா வந்து கையெழுத்துப் போடப்போகுது? நான்ல போடணும்."

பேனாவை வாங்கி அவரே எழுதினார். "ஒன்பது வருஷமாக நான் ஸ்டோர் கதவுக்குக் கால் வைத்து நிற்கிறேன். இனிமேல் வைக்க மாட்டேன். ஏன் என்று கேளுங்கள். சொல்கிறேன்."

நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. மறுநாள் அதற்குக் கீழே பதினொரு கையெழுத்துகள் இருந்தன. பத்தாவது பெண் போட்டுவிட்டு, அடித்துவிட்டு, மறுபடி போட்டிருந்தாள். அடித்ததையும் அப்படியே விட்டிருந்தார்கள்.

6

முடிவுக்கு இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், ஸ்டோர்க்காரர் போகிறார், கதவு போகிறது. அம்மாவும் மகளும் ஒரே பஸ்ஸில் உட்காரும் இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள். புது ஷூ இரண்டு காலிலும் ஒரே மாதிரி தேய்கிறது.

இன்னொன்றில், 'சாட்சி போதாது' என்று ஒரு தாள் வருகிறது. அக்காவின் விரல் பெல்ட்டை விட்டு வேறெங்கோ பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறது. வெள்ளிக்கிழமை கடந்துபோகிறது, கடிதம் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது.

எது வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். "அது உங்க கையில இல்ல தம்பி" என்றார். உண்மைதான்.

இன்று வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. புகாரை விசாரிக்கும் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், மூவரும் தொழிற்சாலைக்காரர்கள். நான்காவது நாற்காலி வெளியாளுக்கு. இவ்வளவு நேரம் படித்தீர்களே, அது உங்களுக்குத்தான். அக்கா எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு பாதங்களையும் மேசைக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கிறார். புகார் உங்கள் முன்னால் இருக்கிறது.

ஏன் என்று கேளுங்கள்.