இரண்டு பாட்டில் ட்ரம்

வெங்காயத்துக்கு மருந்தடித்துவிட்டுத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறவேண்டும். மகள் அறிவுச்செல்விக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்திருந்தது. மனைவி மாயம்மாள் மருந்தைக் கலந்து வைத்துவிட்டு விடியுமுன்னே அங்கே போய்விட்டாள். சின்னக்கண்ணு கிணற்று மேட்டில் கழுத்து வரை புதைத்திருந்த ட்ரம்மை எட்டிப் பார்த்தார். தண்ணீர் நிறைந்து, லேசாக வெளுத்திருந்தது.

‘ஒரு மூடி ஊத்தியிருப்பா. மிச்சம் பிடிக்கிற கழுதை.’

ட்ரம்முக்கு ஒரு பாட்டில் என்பது கணக்கு. முழுப் பாட்டிலையும் கவிழ்த்துக் கலக்கினார். தண்ணீர் மோர்போல வெளுத்தது. சந்தேகம் தட்டி, மாயம்மாளுக்குப் போன் போட்டார்.

“நான் முழுசா ஊத்திட்டுத்தான வந்தேன்! அடியில படிஞ்சிருக்கும். நம்பலையா?”

“உன்னையா?”

“இப்ப ரெண்டு பாட்டில் கெடக்கு. அப்படியே அடிச்சா வெங்காயத் தாள் கருகிரும். மருந்தடிக்கிற பம்புல பாதி அதை ஊத்துங்க, பாதி கெணத்துத் தண்ணி ஊத்துங்க. சரியாப் போகும்.”

அப்படியே செய்தார். வயல் முழுக்க அடித்து முடித்தபோது ட்ரம்மில் சரிபாதி மிச்சம் நின்றது. தண்ணீர் விட்டு நிரப்பினால் காரம்தான் குறையும். உள்ளே கிடக்கிற ஒரு பாட்டில் விஷம் எங்கே போகும்? கொட்டினால் சரிவில் ஓடிக் கிணற்றில் இறங்கும்.

மேல்காட்டுப் பங்காளி அழகரின் ஆடுகள் அதற்குள் வரப்பில் வந்து நின்றன. மூடுகிற தகரத்தைப் போன வாரம்தான் முட்டித் தள்ளிவிட்டு இதே ட்ரம்மில் தண்ணீர் குடித்திருந்தன.

“அழகரு, ஆட்டைக் கட்டுப்பா. செத்த நேரம் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வாரேன்.”

“என் ஆட்டைக் கட்டச் சொல்ல நீ யாருலே?”

“ட்ரம்முல மருந்து கெடக்குய்யா. வீட்டுக்காரி ஊத்திருக்க மாட்டான்னு நானும் ஒரு பாட்டில் ஊத்திட்டேன். இல்லாட்டி நீ எடுத்துக்க. உன் வெங்காயத்துக்கு ஆகும். பாதிக்குப் பாதி தண்ணி சேத்து அடி.”

அழகர் சிரித்தான். “காசுக்கு விக்கிறதுக்கே கறாரா வெலை பேசுறவன் நீ. சும்மா குடுக்கியா? என் காட்டைக் கருக்கவா?”

“சத்தியமா ஒண்ணும் ஆகாது.”

“பொண்டாட்டி ஊத்துனதையே நம்பாதவன் நீ. நான் உன்னை நம்பணுமா? ஆடு ஒண்ணு செத்துச்சு, ஸ்டேஷன்ல பாப்போம்.”

சின்னக்கண்ணு தகரத்தைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். வெயில் சுட்டது. கிடாய் ஒன்று கிட்ட வந்து அவர் முழங்காலை முகர்ந்தது. தள்ளிவிட்டார். மறுபடி வந்தது.

போன் அடித்தது. மாயம்மாள். “பிள்ளை முழிச்சிருச்சுங்க. எந்த பஸ்ல வாரீக?”

தார்ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் எழுந்திருக்கவில்லை.