இருபத்தாறு பேர்

கஜனி ஆறு என்று எழுதியிருந்தாள். எழுதிவிட்டு, அழகமுத்து பார்த்துவிடக் கூடாது என்பதுபோல இடது கையால் கொப்பியை மறைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வெளியே மழை. கலாராணி கண்டியில் புடவைக் கடை வேலைக்குப் போயிருந்தாள். வர ஆறு மணியாகும். கம்பளையில் ரயில் பாதையோரத்து வாடகை வீட்டில் அவனும் அவளுடைய ஏழு வயது மகள் கஜனியும் மட்டுந்தான். நாவலப்பிட்டி – கண்டி பஸ்ஸில் கண்டக்டரான அழகமுத்துவுக்கு அன்று ஓய்வு. கலாராணியைக் கல்யாணம் கட்டி நாலு மாதம் ஆகிறது. கஜனியின் அப்பா இறந்து மூன்று வருடம். இந்த நாலு மாதத்தில் பிள்ளை அவனிடம் மரியாதையாகத்தான் இருந்தாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் இருப்பதைப்போல. தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்வாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஆனால் எந்த முறை வைத்தும் அவனைக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அவன் முன்னால் வந்து, அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பாள். அது தனக்குப் பழகிவிட்டது என்று கலாராணியிடம் சொல்லியிருந்தான். பழகவில்லை.

"காட்டும்மா, பாப்போம்."

கை மெல்ல விலகியது. மேலே டீச்சர் கொடுத்த கணக்கு: பத்து ரூபாக் குற்றி ஒன்று, ஐந்து ரூபாக் குற்றி இரண்டு, இரண்டு ரூபாக் குற்றி மூன்று. மொத்தம் எத்தனை ரூபா?

காசைக் கூட்டாமல் நாணயக் குற்றிகளை எண்ணியிருக்கிறாள் என்று அவனுக்கு உடனே புரிந்தது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியில் சாய்ந்தபடியே முப்பது பேருக்கு மிச்சக்காசு கொடுக்கிறவன் அவன். இது என்ன பெரிய கணக்கு என்று சட்டைப் பையிலிருந்த சில்லறையைத் தரையில் கொட்டினான்.

"இது பத்து. இது அஞ்சு. சேத்தா எத்தன?"

"ரெண்டு."

"குத்தி ரெண்டுதாம்மா. காசு பதினஞ்சுல்ல?"

"டீச்சரும் இப்பிடித்தான் சொன்னாங்க," என்றாள் கஜனி. குரல் கம்மிவிட்டது. இறப்பரை எடுத்து ஆறை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். தாள் கிழிந்தது. கிழிசலின்மேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது.

கலாராணி இருந்தால் பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். அவன் கை பாதி தூரம் போய் நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல், அந்தக் கையாலேயே பத்து ரூபாக் குற்றியை எடுத்துச் சிமெந்துத் தரையில் தள்ளினான்.

"இது பஸ்ஸு. உள்ள பத்துப் பேரு இருக்காங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள்.

"கண்டக்டர் பஸ்ஸ எண்ண மாட்டாரு. ஆளத்தான் எண்ணுவாரு."

ஒரு சின்ன விரல் ஐந்து ரூபாக் குற்றியைத் தொட்டது.

"அப்ப இது?"

"வேனு. அஞ்சு பேரு."

"ரெண்டு ரூவா பைக்கு," என்றாள் அவளாகவே.

வண்டிகளை வரிசையாக நிறுத்தினாள். ஒவ்வொன்றையும் விரலால் தட்டித் தட்டி, உள்ளே இருப்பவர்களை எண்ணினாள். இருபத்தாறு வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினாள். கிழிசலுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து எழுதினாள்.

கொப்பியை மூடியும் அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு பைக்கை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதுல அம்மாவும் நானும்."

"சரிம்மா," என்றான் அழகமுத்து.

பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தவள் அதை வரிசையில் திரும்ப வைத்துவிட்டு ஒரு வேனை எடுத்தாள்.

"இதுல அம்மா, நானு, எங்கப்பா."

"ம்."

"இன்னும் ரெண்டு எடம் இருக்கு."

"இருக்கு."

அவள் நிமிராமலேயே சொன்னாள். "ஏறுங்க."

ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அவன் வாயால் கத்துகிற சொல். இருமுவதுபோலச் செருமிக்கொண்டான்.

"ஏறிட்டேம்மா. இன்னும் ஒரு எடம் மிச்சமிருக்கே, அது யாருக்கு?"

கஜனி யோசித்தாள். "தெரியல. வழியில யாராச்சும் கை காட்டுவாங்க."

வேன் புறப்பட்டது. உதட்டைக் குவித்து இரைந்தபடி, ஒற்றை விரலால் அதை வாசல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு தவழ்ந்தாள். நீட்டியிருந்த அவன் கால்கள் குறுக்கே கிடந்தன. வேன் அவற்றின் முன்னால் வந்து நின்று, "பீப்," என்றது. அவன் முழங்காலை மடக்கிக்கொண்டான். ஐந்து ரூபாக் குற்றி அதனடியில் புகுந்து, மழைச் சாரல் தெறித்திருந்த வாசற்படியை நோக்கி மெதுவாகப் போனது.