கொல்லிமலையான் கால்

செத்துப்போன மாமியாருக்காகக் கண்ணாயியை ஒரு மூச்சு அழக்கூட விடவில்லை ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி. வாசலில் பாடை கட்டி முடிந்ததும், பெற்ற மகன் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாட்டுத்தோல் பந்தை உதைத்துப் பிழைக்கிற கால் தீட்டுப்பட்ட காலாம். அது பாடையோடு நடந்தால் கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டு ஊர்களுக்கெல்லாம் ஆகாதாம்.

அவள் புருஷன் மாதேஸ்வரன், செய்தி கேட்டுச் சேலத்திலிருந்து ஓடிவந்து மலையேறிய வேர்வை காயாமல் நின்றான். சேலத்தில் மில் வேலை என்று பெயர்; உண்மையில் மில் டீமுக்குப் பந்தாடத்தான் சம்பளம். கோல் போடுகிறவன் இல்லை, கோல் விழாமல் பின்னால் நின்று மறிக்கிற பேக். பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்து டீமை வெறுங்காலோடு மறித்தவன். அவன் இறங்கினால் ஜனம் 'கொல்லிமலையான், கொல்லிமலையான்' என்று தொண்டை கிழியக் கத்தும்.

அந்தப் பெயரை யார் அனுபவித்தார்கள் என்று நினைக்க நினைக்கக் கண்ணாயிக்கு வயிறு எரிந்தது. ராசிபுரம் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கும்போதே, கொல்லிமலையான் எங்க ஊட்டுப் பையன் என்று ஆரம்பித்துவிடுவார் அர்த்தனாரி. உடனே மண்டிக்கார அப்பாஸ் அலி பாய் நாற்காலி போட்டு டீ வாங்கித் தருவார். போன தை மாதம் சேலத்துக்கே போய், மாதேஸ்வரன் வாங்கிக் கொடுத்ததைச் சாப்பிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டிவிட்டு வந்த மனுஷன்தானே? அன்றைக்குப் பந்து என்ன வாழைப்பட்டையிலா செய்திருந்தது? இதோ வாசலில் அடிக்கிற மேளமும் மாட்டுத்தோல்தான். அது மட்டும் யாருக்கும் தீட்டாகவில்லை.

இதையெல்லாம் அவள் கேட்கத்தான் கேட்டாள். பொம்பளைப் பேச்சுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பிணத்தைத் தூக்கிவரும்படி பங்காளிகளை ஏவினார் அர்த்தனாரி.

மாதேஸ்வரன் போய் நிலைப்படியில் நின்றுகொண்டான். காலைச் சற்று அகட்டி, கையைத் தொங்கவிட்டு, வருகிறவன் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தான். ஒரு பங்காளி இடதுபக்கமாக நுழையப் போனான், அங்கே இவன். இன்னொருத்தன் வலதுபக்கம் போனான், அங்கேயும் இவன். யார்மேலும் கை படவில்லை. மேளக்காரர்கள் அடிப்பதை மறந்து பார்த்தார்கள்.

"பூட்ஸு போட்ட பட்டாளமே இவரத் தாண்டிப் போகலீங்க மாமா," என்றாள் கண்ணாயி. "முடிஞ்சா நீங்க தாண்டுங்க. இல்லாட்டி அவங்க அம்மாவ அவரே தூக்கட்டும்."

வெயில் ஏறியது. பிணத்தைப் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது என்று பங்காளிகளே முணுமுணுத்தார்கள். கடைசியில் அர்த்தனாரி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, வேலியைப் பார்த்து, சரி ஆகட்டும் என்றார். மாதேஸ்வரன் உள்ளே போய்த் தாயைத் தானே தூக்கிவந்து பாடையில் கிடத்தி, முன்பக்கம் தோள் கொடுத்தான்.

அடுத்த சந்தையில் அப்பாஸ் அலி பாய் துக்கம் விசாரித்தபோது, கொல்லிமலையானை முன்னால் தூக்கச் சொன்னதே நான்தான் என்று சொல்லி டீ குடித்தாராம் அர்த்தனாரி. அதைக் கேட்ட பிறகுதான் கண்ணாயி, அன்றைக்கு அழ முடியாமல் போன அழுகையையெல்லாம் அழுதாள்.