பில்குல் டீக்

லாரிக்கு அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்துவிட்டு யேசுராஜ் கேட்டைத் தள்ளினார். ஒரகடத்தில் அந்தக் கம்பெனி கேட்டில் காவலாளிக்கு நாற்காலி கிடையாது. பன்னிரண்டு மணி நேரமும் நிற்க வேண்டும். வலது முழங்காலின் பாரத்தை இடது காலுக்கு மாற்றியபோது, ஷேர் ஆட்டோவிலிருந்து மனைவி லிடியா இறங்குவது தெரிந்தது. கையில் பழுப்பு உறை.

"வந்துச்சா?"

"வந்துச்சு. பக்கத்து வூட்டு டீச்சர்தான் படிச்சு சொன்னாங்க."

பட்டாளத்தில் இருந்தபோது பனிமலையில் குண்டுப் பெட்டி சுமந்து உருண்டு விழுந்ததில் அடிபட்டது அந்த வலது கால். ராணுவ மருத்துவக் குழு பதினைந்து சதவீத ஊனம் என்றது. இருபது இருந்தால்தான் ஊன ஓய்வூதியம். மேல்முறையீடு போட்டு, இரண்டு வருடம் கழித்து, போன மாதம்தான் மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். இப்போது வரும் பென்ஷன் மகள் லிசாவின் நர்சிங் படிப்புக்கே சரியாகப் போகிறது. இதுவும் வந்தால் இந்த நிற்கிற வேலையை விட்டுவிடலாம் என்றிருந்தார்கள்.

"அதே பதினஞ்சுதானாம். வலி எதுவும் இல்லேன்னு சொன்னாராம், யாரும் புடிக்காம எழுந்து நின்னாராம். அப்டித்தான் எழுதிக்கீது. இன்னாங்க சொன்னீங்க அங்க?"

யேசுராஜ் லாரி போன திசையைப் பார்த்தார்.

"டாக்டர் கர்னல் உள்ள வந்தாரு. 'கைசே ஹோ, ஹவில்தார்?'னு கேட்டாரு. எப்டி கீறேன்னு."

"அதுக்கு?"

"'பில்குல் டீக், சாப்'னுட்டேன். நல்லா கீறேன்னு. இருபத்திரெண்டு வருஷம் வேற பதிலே சொன்னதில்ல. காலு தானா எழுந்து அட்டென்ஷன்ல சேந்துக்கிச்சு. வலியச் சொல்லணும்னு ஞாபகம் வர்றதுக்குள்ள எழுதிட்டாரு."

"சொவத்தப் புடிச்சிகினு கக்கூஸ் போற ஆளு! அங்க போய் பரேடு காட்டுனியா?" லிடியா மரியாதையை விட்டுவிட்டாள்.

"இன்னொரு அப்பீலு கீது. ரொம்ப நேரம் நிக்க முடியாதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கணும்..."

"யாரால நிக்க முடியாது?" சூப்பர்வைசர் சுப்பராயன் பின்னால் வந்து நின்றான். கையில் செக்யூரிட்டி ஏஜென்சியின் படிவங்கள். "மெதுவா பேசுண்ணா. ஆபீஸ் காதுல வுழுந்தா நாளைக்கே வேற ஆளப் போட்ருவான். இந்தா, ஒடம்பு ஃபிட்டுன்னு வருஷா வருஷம் குடுக்கறதுதான். இப்பவே கையெழுத்து போட்டுக் குடு."

தாள் மெல்லியது. காற்றில் படபடத்தது. யேசுராஜ் அதை உள்ளங்கையில் வைத்து எழுதப் பார்த்தார். பேனா தாளைப் பொத்துக்கொண்டு இறங்கியது.

லிடியா பழுப்பு உறையை நீட்டினாள். அதன்மேல் தாளை விரித்து, 'நீண்ட நேரம் நிற்பதில் சிரமம் உண்டா?' என்பதற்கு எதிரே 'இல்லை' என்று எழுதி, அவர் கையெழுத்துப் போட்டார்.