வெந்நீர்த் தொட்டி

இரண்டு தடவை கரு கலைந்ததற்கு அந்த வீட்டில் தீர்ப்பு எப்போதோ சொல்லியாகிவிட்டது. குற்றவாளி தையல் மிஷின். "நாள் பூரா மிதிச்சா வயித்துல எது தங்கும்?" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டதில், தையல்காரி மிஷினுக்குப் போர்வை போர்த்தி மூலையில் தள்ளிவிட்டாள். மகன் மேல் மட்டும் ஒரு சொல் விழாது. அவனுடைய விந்தணு எண்ணிக்கை பிரமாதம் என்று எந்தக் காலத்திலோ ஒரு லேப்பில் சொல்லிவிட்டார்களே, போதாதா!

புது டாக்டரம்மா அதோடு விடவில்லை. அவனை வேறொரு பரிசோதனைக்கு அனுப்பி, இன்று இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"எண்ணிக்கை, ஓட்டம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அணுவுக்குள்ள டிஎன்ஏ நிறைய அறுந்திருக்கு. அப்படி இருந்தா கரு உண்டாகியும் தங்காம போகலாம். இடுப்புக்குக் கீழ சூடு அதிகமா படுற மாதிரி ஏதாவது பழக்கம் உண்டா?"

அவன் டைல்ஸ் போடுகிறவன். பகலெல்லாம் குனிந்தே கிடந்துவிட்டு, சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவான். அவள்தான் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஆவி பறக்க வெந்நீர் நிரப்பி அவனை உட்காரவைப்பாள். ஆற ஆற மேலும் ஊற்றுவாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை.

"அதை முதல்ல நிறுத்துங்க" என்றார் டாக்டரம்மா. "அது மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா புது அணு உருவாக மூணு மாசம் போல ஆகும். அப்புறம் திரும்பப் பார்க்கலாம்."

பஸ்ஸில் தையல்காரி தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து ஊற்றிய கையை என்ன செய்வது? அதைவிடப் பெரிய கவலை, வீட்டில் அவன் வாயைத் திறப்பானா என்பது. அம்மா முன்னால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுகிற ஆள்.

"அத்தைகிட்ட சொல்ல வேணாம்னா விட்டுடுங்க" என்றாள், சொல்லிவிட மாட்டானா என்று ஏங்கிக்கொண்டே.

செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் கேட்டாள். "என்னவாம் இவளுக்கு?"

"இவளுக்கு ஒண்ணுமில்லம்மா. கோளாறு என்கிட்டதான். அந்த மிஷின் பாவம், அதை விட்டுடு." காது சிவக்கச் சிவக்க எல்லாவற்றையும் சொன்னான், தொட்டி வரைக்கும்.

மாமியார் லேசில் விடுகிற ஆளா? "அப்போ வெந்நீர் ஊத்துனது யாரு?"

தையல்காரிக்கு உயிரே போய்விட்டது.

"கேட்டது நான்" என்றான் அவன். "அவ ஊத்தலேன்னா மறுநாள் எழுந்து வேலைக்கே போயிருக்க மாட்டேன். ரெண்டு தடவையும் அழுதவ அவ, திட்டு வாங்குனதும் அவ. போதும்மா."

மாமியார் உள்ளே போனாள். குளியலறையில் தொட்டியைக் கவிழ்த்துப் போடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கையில் தையல் விட்ட தலையணை உறை இருந்தது. நேராக மூலைக்குப் போய், மிஷின் மேலிருந்த போர்வையை உருவி மடித்தாள்.

"ரொம்ப நாளா பிரிஞ்சு கிடக்கு" என்று சுவரிடம் சொன்னாள். "வெளியில குடுத்தா கோணலா தைக்கிறாங்க. உன் கை மாதிரி வராது."

மன்னிப்பெல்லாம் அந்த வாயிலிருந்து வராது. இதுவே அதிகம். தையல்காரி மனசுக்குள் நன்றி சொன்னாள். டாக்டரம்மாவுக்கு, அவனுக்கு, வீம்பு பிடித்த இந்த அத்தைக்கும்கூட. குழந்தை வரும்போது வரட்டும், பழி போய்விட்டது.

மிஷின் முன் உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் நீர், ஊசியின் காது தெரியவில்லை. சிமென்ட் காய்ந்த தடித்த விரல்களால் அவனே நூலைக் கோத்துக் கொடுத்தான்.

மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் மிதித்தாள்.