நடுவில் அமுங்கிய கேக்

கடிகாரம் பழுது பார்ப்பவர் வீட்டுச் சமையலறையில் இருக்கும் கிணற்றை யாரும் தோண்டவில்லை. ஒரு கேக் நடுவில் அமுங்கியதால் உண்டானது அது. நம்பாதவர்கள் போய் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பகலில் கதவு திறந்துதான் இருக்கும்.

அவருடைய மகளுக்கு முட்டை ஆகாது. துளி உள்ளே போனாலும் உதடு தடித்து, கண் வீங்கி, மூச்சு இழுக்கும். ஒருமுறை தோழியின் பிறந்தநாளில் ஆசைப்பட்டு ஒரு விள்ளல் கேக்கை வாயில் போட்டவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார்கள். அவளும் அழாமல் உட்கார்ந்தாள். அழுதிருந்தால்கூட அம்மாவுக்குத் தாங்கியிருக்கும். பஸ் கண்டக்டரான அந்த அம்மா, அடுத்த பிறந்தநாளுக்குள் முட்டை இல்லாமல் ஒரு கேக் செய்து, அதை மகள் கையாலேயே வெட்ட வைப்பது என்று முடிவு செய்தாள். "முட்டை இல்லாம கேக்கா? அதுக்குப் பேசாம மைதாவை வெறும் வாயில போட்டுக்கலாம்" என்றாள் நாத்தனார். நாத்தனார்கள் எந்தக் காலத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்?

தயிரில் சமையல் சோடாவைப் போட்டு, அது நுரைத்து வரும்போது சலித்த மைதாவைச் சேர்த்து, அதிகம் கிளறாமல், சூடேறிய ஓவனில் வைத்தாள். அவள் பக்கம் எந்தத் தப்பும் இல்லை. கெடுத்தது கணவர். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இவருக்கு ஆக்கவே பொறுக்காது. ஊர்க் கடிகாரங்களை எல்லாம் ஓட வைத்தவருக்குத் தன் வீட்டு முள் மட்டும் நகரவே நகராது. கேக் உப்பி வருகிற நேரம் பார்த்து, "எந்த அளவுல இருக்கு, சும்மா பாத்துட்டு மூடிடறேன்" என்று ஓவன் கதவைத் திறப்பார். வெளிக்காற்று பட்டதும் கேக் பொசுக்கென்று நடுவில் அமுங்கிவிடும்.

அப்படி அமுங்கிய முதல் கேக்கை ஆறுவதற்காகத் தரையில் வைத்தார்கள். ஆறிய பிறகும் அது அமுங்குவதை நிறுத்தவில்லை. தட்டோடு அமுங்கியது, தரையோடு அமுங்கியது, காலையில் பார்த்தால் பாதாளம். பள்ளத்தை அடைக்கலாம் என்று அடுத்தடுத்துக் கெட்டுப்போன கேக்குகளையும் அதிலேயே போட்டார்கள். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அதை இன்னும் ஆழமாக்கியது. கோடை தொடங்குவதற்குள் அடியில் தண்ணீர் ஊறிவிட்டது. தெருக்குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த வருஷம் அது. சமையலறையிலிருந்து தெருமுனை வரை வாளிகள் வரிசையில் நின்றன. தண்ணீர் குறையும்போதெல்லாம் எதிர்வீட்டு நர்ஸ் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "அக்கா, இன்னும் ஒரு கேக் கெட்டுப்போனா நல்லாயிருக்கும்" என்று கூச்சமே இல்லாமல் கேட்டாள். மைதாவையும் சர்க்கரையையும் அவர்களே கொண்டுவந்தார்கள். அம்மா தோற்கத் தோற்க ஊர் அவளைக் கொண்டாடியது. அதைவிட எரிச்சலான பாராட்டு உலகத்தில் கிடையாது. கடைசியில் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள். "ஊருக்கே தண்ணி கிடைச்சாச்சு. என் பொண்ணு மட்டும் இன்னும் பிஸ்கட்டையே கடிச்சுட்டு இருக்கா." அன்று எல்லாரும் வாளியை நிரப்பாமலே கலைந்து போனார்கள்.

பிறந்தநாளும் வந்தது. காலையில் கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட, அதை எடுக்கக் கணவர் கயிற்று ஏணியில் இறங்கினார். அவர் கால் அடியைத் தொட்டதும் அவள் ஏணியை மேலே இழுத்துக்கொண்டாள்.

"ஏய், என்ன பண்றே?"

"கேக் வெந்ததும் ஏணி வரும். அதுவரைக்கும் அங்கயே இருங்க."

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு..."

"அதுக்குத்தான் அங்க இருங்கன்னு சொல்றேன்."

ஓவன் கதவு மூடியே இருந்தது. நேரம் முடிந்து திறந்தபோது கேக் கும்மென்று உப்பியிருந்தது. நடுவில் குத்திப் பார்த்த குச்சி சுத்தமாக வெளியே வந்தது. கெட்ட கேக்குகள் வெளியே வந்த பிறகும் அமுங்கியதைப் போல, இது வெளியே வந்த பிறகும் உயர்ந்தது. மேஜைமேல் வைத்தால் உத்தரத்தில் இடிக்கும் என்று தரையில் இறக்கினார்கள். அது மகளின் இடுப்பளவு வந்தது, தோளளவு வந்தது. அதோடு சேர்ந்து கிணற்றுத் தண்ணீரும் ஏறி, வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த கணவரை விளிம்புவரை கொண்டுவந்து, தரையில் பத்திரமாக இறக்கிவிட்டு நின்றது. அவர் சொட்டச் சொட்ட எழுந்து கேக்கைப் பார்த்தார். தொடவில்லை.

மகள் ஸ்டூலில் ஏறி நின்று வெட்டினாள். நர்ஸ் ஊசி மருந்தோடு தயாராக நின்றாள். நாத்தனார் உட்படத் தெருவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மகளின் உதட்டையே பார்த்தது. மகள் ஒரு துண்டை மென்றாள், விழுங்கினாள், இன்னொரு துண்டையும் விழுங்கினாள். உதடு தடிக்கவில்லை. கண் வீங்கவில்லை.

"அம்மா, இதுதான் கேக்கா?" என்றாள். "இத்தனை நாளா எல்லாரும் இதையா தின்னுட்டு இருந்தாங்க? என்கிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லையே!"

அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சாப்பிட்டு முடித்தது. சர்க்கரை ஒரு பிடி தூக்கல் என்று நாத்தனார் மூன்றாவது துண்டில் கண்டுபிடித்தாள். மறுநாள் காலை பார்த்தபோது வெட்டிய இடமெல்லாம் உப்பி, கேக் மறுபடி முழுசாக இருந்தது. கண்டக்டர் அதன்மேல் ஈ மொய்க்காமல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, முதல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று டியூட்டிக்குக் கிளம்பினாள்.