அந்த மூக்குக்குக் கீழே யார் போட்டோ?

1

ஆமாங்க, அதே படம்தான். கழுகு மூக்கு, தலையில் குல்லா, நெஞ்சில் ஆறுமுனை நட்சத்திரம், விரலெல்லாம் கயிறு, கயிற்றில் தொங்கும் உலகம். கீழே, "எல்லாத்துக்கும் காரணம் யூதன்". உங்கள் வாட்ஸப்பிலும் வந்திருக்குமே! ராசிபுரத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் தோழி தனப்பிரியாவிடம் எதிரெதிர்க் கட்சிக்காரர் இருவர் ஒரே நாளில் இதைப் பேனர் அடிக்கக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் போனில் சொல்லி முடிப்பதற்குள் நான் டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ராசிபுரத்துக்குப் பட்டு வாங்க ஒரு யூத வியாபாரி வந்தார். ரொம்ப நல்ல மனிதர். அவர்—"

வேண்டாம். நாம் பாவப்படுவதற்காக ஒருத்தரை விமானத்தில் கூட்டி வரணுமா? அவர் சிடுமூஞ்சியாக இருந்தால் மட்டும் அந்தப் படம் சரியாகிவிடுமா? அழித்தாச்சு.

[இந்தக் கதையில் யூதர் யாருமே இல்லை. நம்ம பக்கம் நான் ஒருவரையும் பார்த்ததில்லை. மூக்கு மட்டும் வந்து சேர்ந்துவிட்டது பாருங்கள்!]

3

நேரே கடைக்கே போவோம். இடதுசாரி காளிதாஸ் போரைக் கண்டித்துக் கூட்டம் போடுகிறார். வலதுசாரி சண்முகவேல் அந்நியப் பணத்தைக் கண்டித்து. இருவரும் கவுண்டர் முன்னால் நிற்கிறார்கள். இந்த இரண்டு கட்சி ஆர்டரும் போனால் தனப்பிரியா கடையை மூட வேண்டியதுதான்.

"போரைத் திட்டுங்கண்ணா, நானே பெரிய எழுத்துல போட்டுத் தாரேன். அதுக்கு ஒரு சனத்தையே எதுக்கு இழுக்கறீங்க?"

காளிதாஸ் பக்கத்தில் நின்றவரைக் காட்டினார். "வெறுப்பைக் கெளப்பறவன் இவன்தான் அம்மிணி. மொதல்ல இவன் படத்த எடு, அப்பறம் நான் எடுக்கறேன்."

"அடேங்கப்பா! மைக்கைப் புடிச்சு யூதன் யூதன்னு கத்துனது ஆரு மாப்ளே?" என்றார் சண்முகவேல். "மொதல்ல உன்றத எடு!"

"ரெண்டும் ஒரே படந்தானுங்கண்ணா! இத்தன வருசத்துல இப்பத்தான் ஒத்துப் போயிருக்கீங்க."

(இந்த இடத்தில் ஒருவரைக் கொஞ்சம் கூடுதல் கெட்டவராக்க ஆசை வந்தது. யாரை என்று சொல்ல மாட்டேன். ஆக்கினால் நானும் "மொதல்ல அவன்" கட்சியில் சேர்ந்துவிடுவேன்.)

4

பேனரில் தன் முகம் வர நம்மூரில் எவ்வளவு சண்டை நடக்கும்! செயலாளரின் மச்சானுக்குக்கூட வட்டம் போட்டு முகம் வைக்கணும்.*

"சரிங்கண்ணா, அடிச்சே தாரேன்," என்றாள் தனப்பிரியா. "மூக்குக்குக் கீழ உங்க போட்டோ மட்டும், பெருசா. 'இந்தப் படத்துக்குப் பொறுப்பு'ன்னு போட்டு உங்க பேரு. போன் நம்பரும் போட்டுறலாமுங்களா?"

காளிதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ற போட்டோ எதுக்கு? எளைஞரணிப் பையனப் போடு."

"எனக்கும் அப்படியே. நான் வந்ததை அனுப்பறவன், அவ்வளவுதான் சாமி," என்றார் சண்முகவேல்.

"ஏனுங்க, கபடிப் போட்டி பேனர்லகூடக் கைகூப்பி நின்னீங்க. இதுக்கு மட்டும் வெக்கமா?"

இருவரும் ஒன்றாக வெளியே போய் டீ சொன்னார்கள்.

* ஒருமுறை இடம் போதாமல் தனப்பிரியா கட்சித் தலைவரையே ஓரமாகத் தள்ளியிருக்கிறாள்.

5

முடிவு ஒன்று: இருவரும் பென்டிரைவோடு நாமக்கல்லில் வேறு கடைக்குப் போகிறார்கள். (அங்கேயும் போட்டோ கேட்டால்?)

முடிவு இரண்டு: இருவரும் கண்கலங்கிக் கைகோத்து— சேச்சே.

மூன்று: ஒருவர் மட்டும் உள்ளே வந்து, "என்றத எடுத்துரு அம்மிணி, அவன் எடுக்காட்டியும் பரவால்ல" என்கிறார். இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் வந்தால் ஒரு ஆர்டராவது கையில் தங்கும், கடை பிழைக்கும். ஆனால் "பயந்துட்டான்" என்று அவர் கட்சிக்காரர்களே சிரிப்பார்கள். காளிதாஸை வைத்தும் எழுதிப் பார்த்தேன், சண்முகவேலை வைத்தும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே ஓடுகிறது!

தனப்பிரியா மெஷினை ஆன் பண்ணிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள், நீங்கள் இவர்களில் யார் பக்கம்? அப்போ உங்கள் ஆளையே முதலில் உள்ளே அனுப்பட்டுமா?